செக்ரோலில் பிள்ளை பெற்ற காத்தாயி

1

இல்லை பொன்னம்மாக்கா, அந்தக் கதையைச் சொல்லித் திரிகிறவள் யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பலாபத்வலைச் சந்தியில் மிளகு வாங்கிக் காய வைக்கிறாளே, அவளேதான். “மருதாயி மவனுக்கு நோர்வேயில வேல போச்சாம். பொண்டாட்டி சம்பாரிக்கப் போறா, இவன் ஊட்டுல ஒக்காந்து புள்ளைய ஆட்டுறானாம்.” இதுதானே? அவள் வாயிலிருந்து அது பஸ் ஏறி, தம்புள்ளைக்குப் போய், அங்கே யாரோ ஒருத்தியின் டெலிபோனில் ஏறி, கடைசியில் என் காதுக்கே வந்துவிட்டது. நான் கோபப்படவில்லை. சிரித்துச் சிரித்து இடுப்பு பிடித்துக்கொண்டது.

பிள்ளையை ஆட்டுவது உண்மை. பெண்டாட்டி வேலைக்குப் போவதும் உண்மை. ஆனால் வேலை போகவில்லை அக்கா. லீவு. சம்பளத்தோடு லீவு. பிள்ளை பிறந்ததற்கு, பெற்றவளுக்குக் கொடுத்தது போக, ஆம்பளைக்கும் தனியாக ஆறு கிழமை, அதாவது ஒன்றரை மாதம், கொடுத்திருக்கிறார்கள். கவர்மெண்டே கொடுக்கிறது. இதை அந்த மிளகுக்காரியிடம் மெதுவாகச் சொல்லுங்கள். ஒரே மூச்சில் சொன்னால் மயங்கி விழுந்துவிடுவாள்.

நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மருமகள் வதனி. யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடத்தில் படித்தவள். நான் “வந்தாங்க” என்றால் அவள் “வந்தார்கள்” என்று எழுதுகிறாள். கடிதம் என்றால் அப்படித்தான் எழுதவேண்டுமாம். சரி, எழுது, ஆனால் ஆட்கள் பேசினதை மட்டும் பேசினபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். இல்லாவிட்டால் என் மாமியார் காத்தாயி பள்ளிக்கூட டீச்சர் மாதிரிப் பேசினாள் என்று ஆகிவிடும். அது பெரிய பாவம்.

இதை உங்கள் மருமகள் கடை வாசலில் வைத்துத்தான் வாசிப்பாள், கூட்டம் கூடும். கூடட்டும். கொஞ்சம் சத்தமாகவே வாசிக்கச் சொல்லுங்கள்.

2

இங்கே நாள் எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தீர்கள். காலையில் எழும்பி யன்னலைப் பார்த்தால் வெளிச்சமா இருட்டா என்று வைத்து நேரம் சொல்ல முடியாது. குளிர்காலத்தில் ஒன்பது மணிக்கும் இருட்டு, வெயில் காலத்தில் தூங்கப் போகும்போதும் வெளிச்சம். அதனால் நான் வயிற்றை வைத்து நேரம் பார்க்கிறேன். தேத்தண்ணி, பேத்தியைப் பள்ளிக்கூடம் அனுப்புவது, சோறு. பேத்திக்கு ஏழு வயது. என்னை “அப்பம்மா” என்கிறாள், அது வதனி ஊர்ப் பழக்கம். “அப்பாயி” என்று கூப்பிடச் சொன்னேன். ஒரு நாள் கூப்பிட்டாள், மறுநாள் மறந்துவிட்டாள். நான் ஒன்று கேட்டால் அவள் நோர்வேக்காரர் பாஷையில் பதில் சொல்கிறாள், நான் தமிழில் திட்டுகிறேன், இரண்டு பேருக்கும் நன்றாக விளங்குகிறது.

எனக்கு இந்த ஊர்ப் பாஷையில் ஒரே ஒரு சொல் தெரியும். “தக்.” நன்றி என்று அர்த்தம். குப்பையை மாற்றிப் போட்டேன் என்று கீழ்வீட்டுக்காரர் ஒரு நாள் பத்து நிமிஷம் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். நான் முழுக்கக் கேட்டுவிட்டு “தக், தக்” என்றேன். மனுஷன் சிரித்துவிட்டுப் போய்விட்டார். இந்த நாட்டில் எதற்கும் காகிதம் வேண்டும். பிள்ளைக்குப் புடவையில் ஏணை கட்டுவதற்குக் கூரையில் ஒரு கொக்கி அடிக்கவேண்டும் என்றேன். அதற்கு வீட்டுச் சொந்தக்காரருக்கு எழுதிக் கேட்டு, அவர் வந்து அளந்து பார்த்து, “எத்தனை கிலோ?” என்று கேட்டு, சரி என்று கையெழுத்து வைத்தார். மூன்று கிழமை போனது. பிள்ளை அதற்குள் ஏணைக்கு வெளியே காலை நீட்டுகிற அளவுக்கு வளர்ந்துவிட்டான்.

அந்த மாதிரி ஒரு காகிதம்தான் இந்தக் கதைக்கெல்லாம் காரணம்.

என் மகன் சிவா வேலை செய்கிற மீன் ஃபெக்டரிக்குக் கொடுக்கவேண்டிய லீவுக் காகிதம் அது. ஆறு கிழமை லீவு வேண்டும் என்று அவன் ஒரு கையெழுத்து வைத்தால் போதும். அதை ஃபிரிட்ஜ் கதவில் காந்தத்தால் ஒட்டி வைத்திருந்தான். ஒட்டினபடியே கிடந்தது. ஒரு நாள், ஐந்து நாள், எட்டு நாள். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்கவேண்டும். வியாழக்கிழமை சாப்பிட உட்கார்ந்தபோது கேட்டேன்.

“ஏண்டா, அந்தத் தாள் அங்கேயே கெடந்து சாகப்போவுதா?”

“விடும்மா. வேணாம்னு பாக்குறேன்.”

“ஏன்? தொரை தரமாட்டேங்குறானா?”

“அவனா? அவன் ரெண்டு தரம் கேட்டுட்டான், எப்ப எடுக்கப்போறன்னு. அவனே மூணு புள்ளைக்கும் எடுத்தவன். அவன் இல்லம்மா. நம்மாளுங்கதான். ஆறு கெழம கழிச்சு நான் வேலைக்குப் போனா, ‘என்ன சிவா, பால் குடுக்கவும் பழகிட்டியா?’ன்னு கேப்பாங்க. போன வருசம் ஒருத்தன் எடுத்தான். அவனுக்கு இன்னும் ‘ஆயா’ன்னுதான் பேரு.”

வதனி சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். நிமிரவில்லை. அவள் வேலை செய்வது வயதானவர்களைப் பார்க்கிற இடத்தில். அவளுடைய லீவு அந்த மாதத்தோடு முடிந்தது. பிள்ளைக்கு நெஞ்சில் சளிக்கட்டு, இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறோம். பிள்ளை பார்க்கும் இடத்தில் விட இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். என்னிடம் மட்டும் விட்டுப் போகலாம் என்றால், அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு வார்த்தை சொல்ல எனக்குப் பாஷை தெரியாது.

“அப்ப அந்த ஆறு கெழமையையும் நீ எடுத்துக்கயேன் வதனி” என்றேன்.

“ஏலாது மாமி. அது தகப்பனுக்கெண்டே வச்ச நாள். எனக்கு மாத்தித் தரமாட்டினம். அவர் எடுக்காட்டி அது ஒருத்தருக்கும் இல்லை.”

ஒருத்தருக்கும் இல்லை. அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு மடமடவென்று எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது பொன்னம்மாக்கா. சோற்றுக் கையைக் கழுவினேன். “டேய், ஒன்ன ஏன் லயத்துல எல்லாரும் காத்தாயி மவன்னு கூப்பிட்டாங்க, தெரியுமா?” என்று கேட்டேன்.

“அப்பாயி வளத்ததால.”

“மண்ணாங்கட்டி. ஒக்காரு.”

3

உங்களுக்குத் தெரிந்த கதைதான். ஆனால் வாசலில் நின்று கேட்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. அதனால் முதலிலிருந்தே சொல்கிறேன்.

நான் கலியாணம் முடித்துத் தோட்டத்துக்கு வந்தபோது அங்கே புதிதாக ஆள் பதிவதில்லை. என் மாமியார் காத்தாயிக்கு அப்போதே முழங்கால் போய்விட்டது. றப்பர் மலையில் ஏறி இறங்க முடியாது. வேலையை விட்டால் தோட்டம் கொடுத்த லயக் காம்பராவையும், அந்த ஒற்றை அறை வீட்டையும், விடவேண்டும். எனக்கோ பிறந்ததற்குக் காகிதத் துண்டும் இல்லை, பிரஜாவுரிமைத் துண்டும் இல்லை. அப்போது கங்காணி ஒரு வழி சொன்னார். “காத்தாயின்னு கூப்பிட்டா நீ ‘இருக்கேன்’னு சொல்லு. அம்புட்டுதான்.” விடியற்காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் வரிசையாக நிற்போம். கணக்கப்பிள்ளை செக்ரோலை, அதாவது வேலைக்கு வந்தவர்களின் பெயரை எழுதுகிற அந்தப் பெரிய புத்தகத்தை, விரித்து வைத்துக்கொண்டு கூப்பிடுவார். காத்தாயி! இருக்கேன். கணக்கப்பிள்ளைக்குத் தெரியும், கிளாக்கருக்குத் தெரியும், தோட்டத்து நாய்க்குக்கூடத் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நம் தோட்டத்தில் அப்படிப் பத்துப் பதினைந்து பேர் இருந்தோம், இல்லையா? உங்கள் சின்ன மாமனார் செத்து மூன்று வருஷம் கழித்தும் புத்தகத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்.

அப்படி நாலு வருஷம். மரத்தில் கத்தியால் கீறி, சிரட்டை கட்டி, பாலை வாளியில் சேர்த்து, தலையில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டு போனது நான். புத்தகத்தில் அதெல்லாம் காத்தாயி.

மூத்தவள் பிறந்தபோது லீவு என்று எதுவும் நான் கேட்கவே இல்லை. கேட்கத் தெரியாது. முப்பதாவது நாள் பெரட்டில் நின்றேன். வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்துப் பார்க்கிற பிள்ளைக்காம்பராவில் அவளைப் போட்டுவிட்டுப் போவேன். மேல் மலையிலிருந்து பால் கொடுக்க இறங்கி வருவதற்குள் அழுது அழுது தூங்கியிருப்பாள். எனக்கும் பால் வற்றிப்போனது. எட்டு மாதம் இருந்தாள். அவ்வளவுதான் அதைப்பற்றி.

அடுத்தது சிவா வயிற்றில் இருந்தபோதுதான் சட்டம் மாறின செய்தி வந்தது. பிள்ளை பெறுகிறவர்களுக்கு லீவைக் கூட்டிவிட்டார்கள், சம்பளத்தோடு வீட்டில் இருக்கலாம் என்று தோட்டத்துச் சங்கத் தலைவர் மாரியம்மன் கோயிலடியில் நின்று சொன்னார். நான் இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நீங்கள் என் பக்கத்தில்தான் நின்றீர்கள், என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினீர்கள்.

மறுநாள் ஒபீசு யன்னலில் போய்க் கேட்டேன். கிளாக்கர் புத்தகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

“யாருக்கு லீவு? காத்தாயிக்கா? காத்தாயிக்கு அம்பத்தெட்டு வயசு. அது என்னத்தப் பெக்கப் போவுது?”

“ஐயா, ஒங்களுக்குத் தெரியுமே, நாந்தானே…”

“எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ யாரு? ஒம்பேரு புஸ்தகத்துல எங்க இருக்கு? பேசுனியின்னு வையி, பொய்ப் பேருல வேல செஞ்சதுக்கு மாமியாளுக்கும் வேல போகும், காம்பராவும் போகும். போ, போயி வயித்தத் தள்ளிக்கிட்டு வேலையப் பாரு.”

போனேன். வேறு என்ன செய்வது? உள்ளதைச் சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால் இந்தப் பிள்ளையும் பிள்ளைக்காம்பராவில் கிடக்கும். சிவாவின் அப்பா அப்போது வில்கமுவப் பக்கம் நெல் வெட்டப் போயிருந்தார். சிவா பிறந்தான். ஒரு கையில் அடங்குகிற அளவுதான் இருந்தான். மூத்தவளை விடச் சின்னவன். என் மாமியார் அவனைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மூன்று நாள் சுவரோரம் முழங்காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருந்தாள். நாலாம் நாள் எழும்பித் தலையை வாரிக் கொண்டை போட்டாள்.

“மருதாயி, புள்ளையத் துணியில சுத்திக் குடு. மாத்தளைக்குப் போவணும்.”

“எங்க அத்தை? ஆஸ்பத்திரிக்கா?”

“லேபர் ஒபீசுக்கு. எனக்குப் புள்ள பொறந்திருக்குல்ல? லீவு கேக்க.”

4

அந்த பஸ்ஸில் போனது எனக்கு இன்றைக்கும் ஞாபகம். அவள் மடியில் பிள்ளை. பச்சை உடம்போடு பக்கத்தில் நான். “அத்தை, வேணாம் அத்தை” என்று நான் பஸ் முழுக்கக் கெஞ்சினேன். “வாய மூடு, பால் கெட்டுப்போகும்” என்றாள்.

லேபர் ஒபீசில் இருந்தவர் யாழ்ப்பாணத்து ஐயா. நெற்றியில் திருநீறு, மேசையில் பைல் அடுக்கு. எங்களைப் பார்த்ததும் வாங்கில் உட்காரச் சொன்னார். அதற்கே என் மாமியாருக்குப் பாதி தைரியம் வந்துவிட்டது. தோட்டத்து ஒபீசில் எங்களை யார் உட்காரச் சொன்னார்கள்?

“சொல்லுங்கோ அம்மா, என்ன விசயம்?”

“பிரசவ லீவு தரமாட்டேங்குறாங்க ஐயா.”

“ஆருக்கு?”

“எனக்குத்தாங்க.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

“உங்களுக்கு எத்தினை வயது அம்மா?”

“அம்பத்தெட்டுன்னு புஸ்தகத்துல போட்டிருக்காங்க.”

“இந்தப் பிள்ளையை நீங்களோ பெத்தனீங்கள்?”

“ஐயா, நா படிக்காதவ. நீங்கதான் கணக்குச் சொல்லணும். நாலு வருசமா காத்தாயி ஒரு நாளும் தவறாம மலையேறிப் பால் வெட்டுனான்னு தோட்டம் எழுதியிருக்கு. தொரை கையெழுத்து வச்சிருக்காரு. அந்த வேல செஞ்ச பொம்பளதான் இந்தப் புள்ளையப் பெத்தா. அதுல ஒரு பொய்யும் இல்ல. அப்ப, பெத்தது காத்தாயிதானே?”

“அதெப்படி அம்மா, ஐம்பத்தெட்டு வயதில…”

“நா பெக்கலைங்கிறீங்களா? சரிங்க. அப்ப நா மலையேறவுமில்ல. இந்த முட்டியப் பாருங்க.” சேலையை முழங்கால் வரைக்கும் தூக்கிவிட்டாள் பொன்னம்மாக்கா. அந்த மனுஷன் பாவம், முகட்டைப் பார்த்தார். “இந்த முட்டிய வச்சிக்கிட்டு ஒபீசுப் படியே ஏறமுடியல, றப்பர் மலை ஏறுவேனா? அப்ப நாலு வருசம் ஏறுனது யாரு? அத எழுதாம விட்டது யாரு? அந்தப் பொம்பள பேர எழுதச் சொல்லுங்க, லீவ அவளுக்குக் குடுக்கச் சொல்லுங்க. இல்லையா, எனக்குக் குடுக்கச் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு. ரெண்டும் இல்லைன்னா, நாலு வருசப் பாலும் தானா வந்து வாளியில விழுந்துச்சான்னு கேளுங்க.”

அப்போது சிவா அழுதான். அவள் என்னைப் பார்க்காமலே பிள்ளையை என் மடியில் தள்ளினாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் பால் கொடுத்தேன்.

ஐயா மெதுவாகக் கேட்டார். “அப்ப இவ ஆர்?”

“இவளா?” என்றாள் என் மாமியார். “இவ புஸ்தகத்துல இல்லாதவங்க.”

அவர் சிரிக்கத் தொடங்கினவர்தான். பாதியில் நிறுத்திவிட்டார். “உங்களுக்கு இந்தக் கதையை ஆர் சொல்லித் தந்தது?” என்று கேட்டார்.

“முட்டி வலிங்க. ஒக்காந்தே கெடந்தா யோசன வருதுங்க.”

“அம்மா, ஒண்டு விளங்குதோ? இவவின்ர பேரைப் பதிஞ்சா உங்கட பேரை வெட்டிப்போடுவாங்கள்.”

அது அவளுக்கு முதலிலேயே தெரியும். பஸ் ஏறுவதற்கு முன்பே தெரியும். எனக்குத்தான் அப்போது தெரிந்தது.

“வெட்டட்டுங்க” என்றாள். “காம்பரா மட்டும் இவ பேருக்கு மாறணும். அதையும் சேத்து எழுதிக்கங்க.”

5

ஒரு கிழமைக்குள் அந்த ஐயா ஜீப்பில் வந்து இறங்கினார். ஒபீசுக்குள் மூன்று மணி நேரம். வெளியே நாம் எல்லோரும் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றோம். நாலு வருஷப் புத்தகத்தையும் மேசையில் வைக்கச் சொன்னாராம். “இந்தக் கிழவி பிள்ளை பெத்தது உண்மையோ, இல்லை உங்கட புத்தகம் பொய்யோ? எதை நான் மேலிடத்துக்கு எழுத?” என்று துரையிடம் கேட்டாராம். துரைக்கு அதற்குமேல் கேள்வி வேண்டியிருக்கவில்லை. கிளாக்கர் கையாலேயே என் பெயரை எழுதினார். நாலு வருஷ வேலையும் எனக்கு என்று எழுதினார். காம்பரா என் பெயருக்கு மாறியது. லீவு முழுக்கக் கிடைத்தது. என்னோடு சேர்த்து, என்னை மாதிரி இருந்த மற்றவர்களையும் பதியவேண்டி வந்தது. உங்கள் சின்ன மாமனார் அன்றைக்குத்தான் உண்மையாகச் செத்தார்.

லீவின் முதல் நாள் விடியற்காலையில் பெரட்டுக்குத் தப்பு அடித்தது. நான் பழக்கத்தில் எழும்பி உட்கார்ந்துவிட்டேன். “படு” என்றாள் அத்தை இருட்டுக்குள்ளிருந்து. படுத்தேன். பிள்ளை என் கழுத்துக்குக் கீழே மூச்சுவிட்டுக்கொண்டு கிடந்தான். தப்பு அடித்துக்கொண்டே இருக்கிறது, நான் படுத்திருக்கிறேன்! அந்தச் சுகத்தை எப்படிச் சொல்வேன் அக்கா.

லீவு முடிந்து நான் பெரட்டுக்குப் போன அன்றைக்கு அத்தையும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள். கணக்கப்பிள்ளை வரிசையாகக் கூப்பிட்டு வந்து, காத்தாயி இருந்த இடத்தில் “மருதாயி!” என்றார். நான் பழக்கத்தில் பேசாமல் நின்றேன். தடியால் என் காலில் ஒரு போடு போட்டாள். “இருக்கேன்னு சொல்லுடி, செறுக்கி.”

சொன்னேன். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்து போய்விட்டாள். வாசலில் சிவாவை மடியில் வைத்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடமெல்லாம், “நா பெத்த புள்ள, பாத்துக்க” என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அன்றிலிருந்துதான் அவன் காத்தாயி மகன். கலவரத்தில் லயம் எரிந்து நாங்கள் வவுனியாவுக்கு ஓடினபோது அவனைத் தன் முதுகில்தான் போட்டுக்கொள்வேன் என்று அழிச்சாட்டியம் செய்தாள், அந்த முழங்காலோடு.

6

இவ்வளவையும் சொல்லி முடித்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. சிவா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இத ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

“பள்ளிக்கூடத்துல கேலி பண்ணுவாங்கன்னு அப்பாயி சொல்ல வேணாம்னுச்சு. இப்பச் சொல்லிட்டேன். கெழவி தம்பேர வெட்டக் குடுத்து வாங்குன நாள்ல நீ ஆளானவன். ஒனக்கு ஒம்பேருலயே குடுக்குறாங்க. தொரையே கூப்பிட்டுக் குடுக்குறான். ‘ஆயா’ன்னுவாங்களாம். சொல்லட்டுமேடா! ஒங்கப்பாயிய ‘அறுவதுல பெத்தவ’ன்னு தோட்டமே சொல்லிச்சு. அவ செத்தா போனா?”

அவன் எழும்பிக் கையைக் கழுவினான். ஃபிரிட்ஜிலிருந்து காகிதத்தை எடுத்துக் கையெழுத்து வைத்தான். வதனி அப்போதுதான் நிமிர்ந்தாள். “மாமி, குழம்பு விடட்டோ?” என்றாள். அவ்வளவுதான் பேசினாள், ஆனால் இரண்டு கரண்டி விட்டாள்.

இன்றைக்கு லீவில் மூன்றாம் கிழமை. மீன் ஃபெக்டரியில் கேலி செய்தார்களாம். செய்தவர்களில் ஒருவன் நேற்று டெலிபோன் எடுத்து, அந்தக் காகிதம் எங்கே வாங்குவது என்று கேட்டான். அவன் பெண்டாட்டிக்கு அடுத்த மாதம். சின்னவனுக்கு நெஞ்சுச் சளி இறங்கிவிட்டது. அப்பன் நெஞ்சில் ஏறிப் படுத்துக்கொண்டு இறங்கமாட்டேன் என்கிறான்.

இன்னொன்று சொல்ல மறந்தேன். கீழே வாசலில் ஒவ்வொரு வீட்டுக்கும் தபால் பெட்டி. எங்கள் பெட்டியில் பெயர்கள் ஒட்டியிருக்கின்றன. எனக்கு எழுத்துத் தெரியாதே. போன மாதம் பேத்தி என் விரலைப் பிடித்து ஒரு வரியில் வைத்து, “இதுதான் நீங்கள், அப்பம்மா” என்றாள். தபால் எடுக்கப் போகும்போதெல்லாம் அந்த இடத்தைத் தடவிவிட்டுத்தான் வருகிறேன். எனக்கு வருகிற தபால் உங்களுடையது மட்டும்தான், இருந்தாலும் தடவுவேன்.

வதனிக்கு இன்றைக்கு மத்தியான வேலை, அதனால்தான் காலையில் உட்கார்ந்து எழுதுகிறாள். இதோ, சின்னவன் அழுகிறான். இவள் பேனாவை வைக்கப் பார்க்கிறாள்.

“எந்திரிக்காத, எழுது. அவன் லீவு அது.”

உள்ளேயிருந்து சிவா கத்துகிறான். “அம்மா! அம்மோய்! இவன் நனைச்சிட்டான், துணி எங்க இருக்கு?”

“லீவு ஒனக்கா எனக்கா? தேடு!”

கேட்டீர்களா, தேடுகிறான். அலுமாரியைத் திறக்கிற சத்தம். கண்டுபிடித்துவிட்டான் போலிருக்கிறது, அழுகை நின்றுவிட்டது. அடடா, பருப்பு பொங்கி அடுப்பெல்லாம் வழிகிறது. அதற்கு இந்த நாட்டில் லீவு இல்லை பொன்னம்மாக்கா, நான் போகிறேன்.